தண்ணீர் போக ஒரு வழி

ஜூன் 9, திங்கள்

இன்று செப்டிக் டேங்க்கை மூடியாயிற்று. காலையில் லாரிக்காரர் வந்து கடைசி முறையாக உறிஞ்சிவிட்டுப் போனார். பிறகு டிராக்டரில் மணல் வந்தது. நகராட்சி நோட்டீசில் சொன்னபடியே தொட்டி முழுக்க மணலை நிரப்பி, மேலே கான்கிரீட் போட்டார்கள். பிளம்பர் மகாராஜன் கழிப்பறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் ஒன்றாகச் சேர்த்து, தெருவில் புதிதாகப் பதித்திருக்கும் பாதாளச் சாக்கடையில் இணைப்புக் கொடுத்தான்.

நோட்டீஸ் மே மாதமே எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. சாக்கடைக் குழாய் போகும் தெருவில் இனி வீட்டுக்கென்று தனித் தொட்டி கூடாது. இணைப்பு வாங்கிக்கொண்டு பழைய தொட்டியை மூட வேண்டும். கெடு வருஷக் கடைசி வரை இருக்கிறது. எதிர்வீட்டுத் தங்கபாய் அக்கா, "எல்லாரும் சும்மா இருக்காவ, நீங்க ஏன் தம்பி முந்துதீய?" என்று கேட்டார்.

முந்தாமல் என்ன செய்ய? என் மனைவி ஜெயக்கொடிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வயிற்றில் பொருத்தியிருக்கும் குழாய் வழியாக ஒரு பை மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுக்க வேண்டும். காலை, மதியம், இரவு என்று மூன்று தடவை. வெளியே எடுத்த தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றுவோம். எங்கள் பழைய தொட்டி சின்னது, சீக்கிரம் நிரம்பிவிடும். லாரிக்கு ஆள் தேடி அலைவதே வேலையாகிவிட்டது. இனி அந்தத் தொல்லை இல்லை.

பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "மூடிட்டா அப்புறம் திறக்க முடியாதுல்லா?" என்றாள்.

"எதுக்குத் திறக்கணும்?" என்றேன்.

ஜூன் 12, வியாழன்

வீட்டு முன்பக்கத்து எங்கள் மாவு மில்லில் மிளகாய் அரவை. மில்லுக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் தும்மல். வீட்டுக்குப் போகும் கதவை இறுகச் சாத்தி, கீழே ஈரத் துணி வைத்தேன். கழிப்பறையில் தண்ணீர் கடகடவென்று போகிறது.

ஜூன் 27, வெள்ளி

காலையில் ஊற்றிய தண்ணீர் இறங்கவில்லை. கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தேன். சாயங்காலம் தானாக இறங்கியது. இன்று முகூர்த்த நாள். தெருவின் மேல்கோடியில் இருக்கும் கல்யாண மண்டபமும் போன வாரம் இணைப்பு வாங்கியிருக்கிறது. எங்கள் வீடு கீழ்க்கோடி, அங்கிருந்து வரும் தண்ணீர் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நகராட்சி ஓவர்சியர் செல்வின் பைக்கில் போனார். நிறுத்திக் கேட்டேன். நல்ல பையன், மரியாதை தெரிந்தவர்.

"பம்பிங் ஸ்டேஷன் இன்னும் ஓடல அண்ணாச்சி. கரண்டு வரணும். அதுவரைக்கும் கடைசி மேன்ஹோல்ல லாரி வச்சு எடுக்கச் சொல்லிருக்கோம். கொஞ்ச நாள் பொறுத்துக்கிடுங்க."

"அப்போ இணைப்பு ஏன் இப்பவே குடுத்தீய?"

"இணைப்பு குடுக்கது ஒரு ஆர்டர், பம்பு ஓடுதது இன்னொரு ஆர்டர் அண்ணாச்சி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்தாயிற்று. மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. கழிப்பறை சரியாகிவிட்டது. மில்லில் கூழுக்குக் கம்பும் கேப்பையும் வந்து குவிகின்றன.

ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டெல்லா சிஸ்டர் வந்து அறையைப் பார்த்துவிட்டுப் போனார். மாதம் ஒருமுறை வருவார். சுவர், தரை, கை கழுவும் இடம் எல்லாம் பார்த்து, "மாவு மில்லுக்குப் பின்னாடி இவ்வளவு சுத்தமா ஒரு ரூமா!" என்றார். ஜெயக்கொடிக்குப் பெருமை தாங்கவில்லை. சிஸ்டருக்கு அதிரசம் கொடுத்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. யாராவது வந்து பாராட்டினால் அவளுக்கு அன்றைக்கெல்லாம் அந்தப் பேச்சுதான்.

ஆகஸ்ட் 20, புதன்

ஆவணியின் முதல் முகூர்த்தம். மண்டபத்தில் கெட்டிமேளம் கேட்டபோது நான் குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தரையில் இருக்கும் ஓட்டை வழியாகக் கறுப்புத் தண்ணீர் பொங்கி வந்தது. மதியப் பந்திக்குப் பிறகு சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் மிதந்தன. கோணிப்பையைச் சுருட்டி அடைத்தேன். கழிப்பறைப் பீங்கான் வழியாக வந்தது. அதை எதை வைத்து அடைப்பது?

ஜெயக்கொடியின் அறைக்கு வராமல் வாசற்படியில் மாவு மூட்டைகளை அடுக்கினேன். மாவு வீணாகிப் போயிற்று, அது பரவாயில்லை.

மதியம் மாற்ற வேண்டிய பையைச் சாயங்காலம் மாற்றினோம். எடுத்த தண்ணீரை வாளியிலேயே மூடி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நகராட்சிக்குப் போனேன். செல்வின் என்னை உட்கார வைத்து, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். என் பெயர், கதவு எண், பக்கத்தில் பச்சை நிறத்தில் 'இணைப்பு முடிந்தது'.

"லாரி வரதில்லையே தம்பி" என்றேன்.

"காண்ட்ராக்ட் போன மாசத்தோட முடிஞ்சிட்டு. புதுசா டெண்டர் விடணும்."

"அப்போ என் பழைய தொட்டியைத் தோண்டிக்கிடுதேன். ஒரு மாசம், ரெண்டு மாசம். பம்பு ஓடுன மறுநாளே மூடிருதேன்."

அவர் சங்கடப்பட்டார். "லைன் போற தெருவுல தனித் தொட்டிக்கு அனுமதி குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல அண்ணாச்சி. நீங்க மூடலன்னா வருஷக் கடைசி வரைக்கும் வச்சிருக்கலாம். மூடிட்டீய. மூடுனதைத் திறந்தா புதுத் தொட்டி கட்டுனதாத்தான் கணக்கு."

"வீட்டுல நோயாளி இருக்கா தம்பி."

"தெரியும் அண்ணாச்சி. எனக்குத் தெரியாதா? ஒரு மனு எழுதிக் குடுங்க. கமிஷனருக்கு அனுப்புதேன்."

எழுதிக் கொடுத்தேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 23, சனி

போனில் செய்தி வந்தது: உங்கள் புகார் நிவர்த்தி செய்யப்பட்டது.

ஆகஸ்ட் 25, திங்கள்

வெள்ளிக்கிழமையே தங்கபாய் அக்காவிடம் கேட்டேன். அவர் வீட்டில் பழைய தொட்டி அப்படியே இருக்கிறது. கொல்லைப்பக்கம் தனியாக ஒரு கழிப்பறை உண்டு. "இதுக்கெல்லாமா கேப்பாவ? கொண்டாந்து ஊத்துங்க தம்பி. நீங்களும் வந்து போங்க" என்றார். மகராசி.

மூடி போட்ட வாளியில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடக்கிறேன். மூன்று வேளை. பார்ப்பதற்கு வெறும் தண்ணீர்தான், கொஞ்சம் மஞ்சள். ஆனாலும் மில்லுக்கு வருகிறவர்கள் பார்க்கிறார்கள். நான் கழிப்பறைக்கு பஸ் ஸ்டாண்டுக்கே போய்க்கொள்கிறேன், அக்காவுக்கு அதிகம் தொல்லை வேண்டாம். ஜெயக்கொடிக்கு ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று வாங்கியிருக்கிறேன். அதில் உட்காரமாட்டேன் என்று முதல் நாள் அழுதாள். பிறகு உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

முகூர்த்தம்.

ஆகஸ்ட் 30, சனி

தனியார் லாரிக்காரரைக் கூப்பிட்டேன். வாசலில் இணைப்புக்காகக் கட்டிய சின்னத் தொட்டியில் குழாயை விட்டு உறிஞ்சினார். அரை மணி நேரம் காலியாக இருந்தது. பிறகு மறுபடி ஊறி வந்தது. "இது உங்க தண்ணி இல்ல அண்ணாச்சி, தெருத் தண்ணி. தெரு முழுக்க எடுத்தாத்தான் நிக்கும். அதை நான் எடுத்தா என் லைசென்ஸ் போயிரும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மில்லில் கூட்டம் இல்லை. நாற்றத்தில் மாவு வாங்க யார் வருவார்கள்? பரவாயில்லை, அரவைக் கல்லைக் கழற்றிக் கொத்த நேரம் கிடைத்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் வாளியோடு போனபோது தங்கபாய் அக்கா வீட்டுக் கொல்லைக் கதவில் பூட்டுத் தொங்கியது. எங்கேயாவது ஊருக்குப் போயிருப்பார்கள். உள்ளே டிவி ஓடுவது கேட்டது, மறந்துபோய் அணைக்காமல் போயிருக்கலாம். கொஞ்ச நேரம் நின்றேன். அக்காவின் மருமகள் கைக்குழந்தைக்காரி. நோயாளி வீட்டுத் தண்ணீர் என்றால் பயம் இருக்கத்தானே செய்யும்.

திரும்பி வந்தபோது ஜெயக்கொடி ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள். "வெயில் அடிக்கு" என்றாள்.

வாளியைத் தெரு ஓரத்து வாறுகாலில் ஊற்றினேன். வேறு வழி தெரியவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

சுகாதார மேஸ்திரி வந்து எச்சரித்துவிட்டுப் போனார். மழைத் தண்ணீர் போகிற வாறுகாலில் வீட்டுக் கழிவை ஊற்றக் கூடாதாம். யாரோ படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முதல் தடவை என்பதால் விட்டுவிட்டாராம்.

"அப்போ எங்கேதான் ஊத்தச் சொல்லுதீய?" என்று கேட்டேன்.

"இணைப்பு இருக்குல்லா, அதுல ஊத்துங்க" என்றார்.

வீட்டுக்குள் கூட்டிப் போய்க் காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். போகும்போது, "வெளிச்சம் வரதுக்கு முன்னாடி ஊத்திருங்க, நான் பாக்கல" என்றார்.

செப்டம்பர் 6, சனி

ஜெயக்கொடி ஒரு நல்ல செய்தி சொன்னாள். ஸ்டெல்லா சிஸ்டருக்குப் போன் பண்ணினாளாம். ரத்தப் பரிசோதனை நன்றாக இருப்பதால் இனி ஒரு நாளைக்கு ஒரு பை போதும் என்று சொன்னாராம். இரவு நான் இருக்கும்போது மாற்றிக்கொள்ளலாம். "உங்களுக்கும் வாளி தூக்குத வேலை மிச்சம்" என்று சிரித்தாள்.

நடுவில் இப்படி ஒரு நல்லது நடக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

அவள் கால் வீங்கியிருக்கிறது. நார்த்தங்காய் ஊறுகாய் அதிகம் சாப்பிட்டிருப்பாள். பாட்டிலை எடுத்து மேல் தட்டில் வைத்தேன்.

மருந்துத் தண்ணீர்ப் பெட்டிகள் அறையில் அடுக்கியபடியே இருக்கின்றன. அடுத்த லோடு வரும்போது வைக்க இடம் இருக்காது போல.

செப்டம்பர் 12, வெள்ளி

படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். இந்த நாற்றத்தில் எனக்கே மூச்சு முட்டுகிறது. சிஸ்டருக்குப் போன் பண்ணவா என்று கேட்டேன். "அதான் நான் பேசிட்டேன்லா, சும்மா அவளைத் தொந்தரவு பண்ணாதீய" என்றாள்.

செப்டம்பர் 15, திங்கள்

கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் நாள். விடியுமுன் பஸ் ஏறினேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அம்மாள் பட்டா கேட்டு வந்திருந்தாள், ஏழாவது தடவையாம். எனக்கு இது முதல் தடவை என்றதும் பாவம் பார்ப்பதுபோல் பார்த்தாள். மனுவை வாங்கி, சீல் வைத்து, 'நகராட்சி ஆணையருக்கு' என்று எழுதினார்கள். நான் செல்வினிடம் கொடுத்த மனுவும் அவருக்குத்தான் போயிருக்கிறது.

வீடு வர இருட்டிவிட்டது. நான் வரும்வரை பொறுக்க முடியாமல் ஜெயக்கொடி தானே பையை மாற்றியிருந்தாள். இன்று முகூர்த்தம் இல்லை, ஆனாலும் குளியலறையில் கணுக்கால் வரை நின்றது. கை எங்கே கழுவினாய் என்று கேட்டேன். "குடத்துத் தண்ணியில" என்றாள். சோப்பு குளியலறையில் இருக்கிறது.

வெளியே எடுத்த பை கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது. அறையின் டியூப்லைட் மங்கி எரிகிறது. மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வயிற்று வலி என்கிறாள். உடம்புச் சூடாக இருக்கும். வெந்தயம் கொடுத்தேன். டியூப்லைட் மாற்றினேன்.

பை கலங்கலாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 17, புதன்

108 வந்தது. தெருவெல்லாம் வாசலில் நின்றது. தங்கபாய் அக்கா ஓடிவந்து ஜெயக்கொடியின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியாது தம்பி, மருமவ பூட்டிட்டா, எனக்குத் தெரியாது" என்று அழுதார். நான் வண்டியில் ஏறிவிட்டேன்.

செப்டம்பர் 20, சனி. திருநெல்வேலி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன். பேப்பர் மருந்துக் கடையில் வாங்கியது.

டாக்டர் அம்மா சின்ன வயசுக்காரர். என்னை அறைக்குக் கூப்பிட்டு, "எத்தனை நாளாப் பை மாத்தாம விட்டீங்க?" என்று கேட்டார்.

"ஒரு நாளும் விடலம்மா. நீங்கதான ஒரு பை போதும்னு சொன்னீய?"

"யார் சொன்னா?"

ஸ்டெல்லா சிஸ்டர் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, அக்கா எனக்குப் போனே பண்ணலையே" என்றார்.

அந்த ஒரு பையையும் அவள் எல்லா நாளும் ஒழுங்காக மாற்றவில்லையாம். வெளியே போக வேண்டிய நீர் உடம்பிலேயே தங்கிவிட்டது. கால் வீங்கியதும் மூச்சு முட்டியதும் அதனால்தான். போதாக்குறைக்கு, குழாய் வழியாகக் கிருமியும் போய்விட்டது. குழாயை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் வேறு குழாய் போட்டு மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள்.

இரவு நான் பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் மாற்றினாளே? யோசித்துப் பார்த்தேன். பெரும்பாலும் நான் குளியலறைத் தண்ணீரை அள்ளிக்கொண்டிருப்பேன். "மாத்தியாச்சு, வாளியை வெளிச்சம் வரதுக்கு முன்னாடி பாத்துக்கிடலாம்" என்பாள். வாளியில் கொஞ்சமாகத்தான் தண்ணீர் இருக்கும். நான் சந்தோஷப்பட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

இன்று பேசினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"ஏன் பொய் சொன்ன ஜெயக்கொடி?"

"பூட்டுன கதவு முன்னாடி வாளியோட நின்னீயள்லா. எவ்வளவு நேரம் நின்னீய தெரியுமா? நான் ஜன்னல்ல இருந்து பாத்தேன்."

"அதுக்கு?"

"என் தண்ணிய வச்சிக்கிட்டு நீங்க அப்படி நிக்கக் கூடாதுன்னு தோணிச்சு. கொஞ்ச நாள்தான, பம்பு ஓடிரும்னு நினைச்சேன்."

நான் இட்லி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே போனேன். கடை மூடியிருந்தது. அங்கேயே படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

ஜெயக்கொடியை அவள் தங்கை ராணி வீட்டில் விட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெரு. வாரத்தில் மூன்று நாள் மெஷினில் படுக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துபோக அவளால் முடியாது. ராணி வீடு மாடி. கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் போய்விடுகிறது. முதல் நாள் நான் நாலைந்து தடவை ஊற்றிப் பார்த்தேன். ராணியின் வீட்டுக்காரர் வெளியிலிருந்து, "ஒண்ணுமில்லையே சகல?" என்று கேட்டார்.

டாக்டர் அம்மாவிடம் பழைய குழாயை எப்போது திரும்பப் போடுவீர்கள் என்று கேட்டேன். வயிற்றுக்குள் சவ்வெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டது, இனிப் போட முடியாது, இனி எப்போதும் மெஷின்தான் என்றார். "அவங்ககிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லுங்க" என்றார்.

அக்டோபர் 8, புதன்

ஊருக்கு வந்து மில்லைத் திறந்தேன். மருந்துத் தண்ணீர்ப் பெட்டிகளை ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்பக் கட்டினேன். நான் நினைத்ததைவிட நிறைய இருந்தன.

அக்டோபர் 9, வியாழன்

ராகி அரவை. ஒரே ஆள்.

அக்டோபர் 26, ஞாயிறு

செல்வின் வீட்டுக்கே வந்தார். பம்பிங் ஸ்டேஷனுக்குக் கரண்டு வந்துவிட்டதாம். வியாழக்கிழமை திறப்பு விழா. தெருவுக்கு ஒருவராக, முதலில் இணைப்பு வாங்கியவர்களுக்கு மேடையில் சால்வை போடுகிறார்களாம்.

"எனக்கு வேண்டாம் தம்பி."

"லிஸ்ட்டுல பேர் போயிட்டு அண்ணாச்சி. வராட்டா என்னையத்தான் கேப்பாவ." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா எப்படி இருக்காவ?" என்றார்.

"இருக்கா."

அவர் போகாமல் நின்றார். "நான் உங்க மனுவை மூணு தடவை மேல அனுப்புனேன். என்னைய நம்புங்க."

நம்புகிறேன் என்றேன். நிஜமாகவே நம்பினேன். அதனால்தான் யார்மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

மேடையில் ஏறினால் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று, விழா நடக்கும் பஸ் ஸ்டாண்டு வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். சால்வை போட்டார்கள். போட்டோக்காரன் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னான். மைக் என் முன்னால்தான் இருந்தது. கூட்டத்தில் தங்கபாய் அக்காவும் மருமகளும் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது குளியலறையில் தண்ணீர் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் தரை தெரிந்தது. பினாயில் போட்டுத் தேய்த்தேன். சுவரில் கறுப்புக் கோடு போகவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி. திருநெல்வேலி.

நான் போனபோது ஜெயக்கொடி மெஷினிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். அது முடிந்தால் உடம்பு நடுங்கும். ராணி போர்வை தேடிக்கொண்டிருந்தாள். என் பையில் சால்வை இருந்தது. எடுத்துப் போர்த்தினேன்.

"ஏது இது? புதுசா இருக்கு."

"குடுத்தாவ."

"எதுக்கு?"

"பம்பு ஓடிட்டு. அதுக்கு."

எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்துப் பல நாளாகிறது. "தண்ணி போவுதா?"

"போவுது. நல்லாப் போவுது."

"ரூம்பு?"

"கழுவிட்டேன்."

"அப்போ இந்தக் கழுத்துக் குழாயை எடுத்துட்டு வயித்துல போடச் சொல்லுங்க. மூணு பை மாத்துதேன், ஒண்ணுகூட விடமாட்டேன். நாம வீட்டுக்குப் போயிருவோம்." ராணியைக் கூப்பிட்டு, தன் சேலைகளை எடுத்து வைக்கச் சொன்னாள்.

ராணி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். டாக்டர் அம்மா சொன்னதை அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"டாக்டரம்மாகிட்ட எப்போ கேப்பீய?"

திங்கட்கிழமை கேட்கிறேன் என்றேன்.

"மறந்துராதீய" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். ராணி ஒவ்வொரு சேலையாக மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்ல என்னால் முடியவில்லை. அவளாலும் நிறுத்த முடியவில்லை.